பேஸ்பால் ஆடும் பிள்ளைகளுக்குக் காணொளியின் துணையோடு பயிற்சி அளிப்பது எப்படி

நியூ ஜெர்சியில் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பேஸ்பால் அணி ஒன்றுக்குத் தன்னார்வப் பயிற்சியாளராகச் சேர்ந்த முதல் ஆண்டில், பந்தை எறியும் பிட்சராக ஆடிய ஒரு சிறுவனிடம் "முழங்கையைத் தூக்கு" என்று ஆறு வாரம் விடாமல் சொல்லிவந்தேன். சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை அவன். முழங்கையைத் தூக்கத் தூக்கப் பந்து, அதைப் பிடிக்க எதிரே அமர்ந்திருக்கும் கேட்சரின் தலைக்கு மேலே போயிற்று. அவன் முகமும் நாளுக்கு நாள் வாடியது. ஏழாவது வாரம் கைப்பேசியை ட்ரைபாடில் நிறுத்தி ஸ்லோ மோஷனில் எடுத்து, இரவு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. முன்பாதம், அதாவது முன்னே எட்டிவைக்கும் காலின் பாதம், தரையில் பதிந்த நொடியில் அவன் எறியும் கை இன்னும் தொடைக்கு அருகிலேயே இருந்தது. கால் முந்திக்கொண்டது, கை பிந்திவிட்டது. உடல் திரும்பத் தொடங்கிய பிறகு முழங்கை தோள் உயரத்துக்கு ஏற அவகாசமே இல்லை. முழங்கை தாழ்ந்தது நோயன்று, நோயின் அடையாளம். அடுத்த பயிற்சியில் முழங்கை என்ற சொல்லையே எடுக்காமல், "கால் தூக்கினதும் பந்தைக் கொஞ்சம் சீக்கிரமாகக் கிளவிலிருந்து (கையுறையிலிருந்து) எடுத்துவிடு" என்று மட்டும் சொன்னேன். மூன்று வாரத்தில் பந்து கேட்சரின் கிளவுக்குத் திரும்பியது. அந்தப் பிள்ளைக்கு நான் வீணாக்கிய ஆறு வாரங்கள் வேறு எந்தப் பிள்ளைக்கும் வீணாகக் கூடாது என்பதற்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

நம் கண்ணால் இதைப் பார்க்க முடியாததற்குக் காரணம் கவனக்குறைவு அன்று. முன்பாதம் தரையைத் தொட்டதிலிருந்து பந்து விரல்களை விட்டு நீங்கும்வரை ஆகும் நேரம் ஏறத்தாழ 0.15 வினாடி மட்டுமே. சாதாரணக் காணொளி வினாடிக்கு 30 ஃபிரேம் எடுக்கிறது என்றால், அந்த நேரத்துக்குள் நமக்குக் கிடைப்பவை நான்கு அல்லது ஐந்து படங்கள். அவற்றிலும் கை வெறும் வெண்புகையாகத்தான் தெரியும். வினாடிக்கு 240 ஃபிரேம் எடுத்தால் அதே நேரத்துக்கு 36 படங்கள் கிடைக்கின்றன. இன்று பெரும்பாலான வீடுகளில் இருக்கும் கைப்பேசிகளிலேயே இந்த வசதி உண்டு என்பதால், தனியாகக் கேமரா வாங்கும் தேவை எழுவதில்லை.

கேமராவை வைக்கும் இடம்

கைப்பேசியைக் கையில் பிடித்து எடுத்த காணொளியை ரசிக்கலாமே தவிர, ஒப்பிட முடியாது. சென்ற வாரம் எடுத்ததையும் இந்த வாரம் எடுத்ததையும் அருகருகே வைக்கும்போது, மாறியது பிள்ளையின் உடலசைவா, கேமராவின் கோணமா என்ற ஐயம் ஒருமுறை வந்துவிட்டால் இரண்டும் பயனற்றவையாகிவிடும். ஆகவே ட்ரைபாடை எங்கே, எந்த உயரத்தில் வைத்தோம் என்பதை முதல் நாளே குறித்துக்கொள்ளுங்கள். நான், பிட்சர் நின்று எறியும் மேடான மவுண்டின் ரப்பர் பட்டையிலிருந்து காலடிகளை எண்ணி அந்த இடத்தில் சிறிய ஆரஞ்சு நிறக் கூம்பு ஒன்றை வைக்கிறேன். ட்ரைபாடின் காலில், பிள்ளையின் இடுப்பு உயரத்துக்கு ஒரு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.

வலக்கைப் பிட்சர் எறியத் தயாராக நிற்கையில் அவர் மார்பு மூன்றாம் பேஸை, அதாவது பிளேட்டை நோக்கும்போது அவருக்கு வலப்புறம் இருக்கும் களத்தின் மூலையைப் பார்த்திருக்கும். எனவே பக்கவாட்டுக் காட்சியை மூன்றாம் பேஸ் பக்கத்திலிருந்து, மவுண்டையும், பேட்டர் நின்று அடிக்கும் ஹோம் பிளேட்டையும் இணைக்கும் கோட்டுக்குச் செங்குத்தாக நின்று எடுக்க வேண்டும். இடக்கையருக்கு முதல் பேஸ் பக்கம். இரண்டாவது காட்சி நேர் பின்னாலிருந்து: முன்பாதம் பிளேட்டை நோக்கிய கோட்டில் விழுகிறதா, குறுக்கே விழுகிறதா என்பதை இந்தக் காட்சி மட்டுமே நேர்மையாகக் காட்டும். பேட்டருக்கு இது மாறும். வலக்கை பேட்டரின் மார்பு முதல் பேஸ் பக்கம் திரும்பியிருப்பதால் கேமராவும் அந்தப் பக்கம் போக வேண்டும்.

கைப்பேசியைப் பிள்ளைக்கு மிக அருகில் வைத்தால் அகன்ற லென்ஸ் உடலின் ஓரங்களை இழுத்துக் காட்டும். சற்றுத் தள்ளி வைத்து, கைப்பேசியில் டெலிபோட்டோ லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். தலை முதல் இரு பாதங்கள் வரையிலும், எறிந்து முடித்த பின் கை போகும் இடமும் சட்டத்துக்குள் அடங்க வேண்டும். திரையில் பிள்ளையின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள். இல்லையேல் மேகம் ஒன்று கடந்தாலும் படம் மாறிவிடும். ஷட்டர் வேகத்தைத் தேர்ந்தெடுக்க இடம்தரும் கேமராச் செயலி இருந்தால் 1/1000 வினாடியோ அதைவிட விரைவாகவோ வைப்பது நல்லது. பந்து அல்லது பேட் வரக்கூடிய வழியில், தடுப்பு வலை இல்லாமல், கைப்பேசியையோ ஆளையோ ஒருபோதும் நிறுத்தக் கூடாது.

குளிர்காலத்தில் நியூ ஜெர்சியில் உள்ளரங்கில் வலையடைத்த கூண்டுகளில்தான் பயிற்சி. அங்கே 240 ஃபிரேமில் எடுத்தால் படம் ஒன்றுவிட்டு ஒன்று இருண்டும் வெளுத்தும் துடிக்கும். அமெரிக்க மின்சாரம் வினாடிக்கு 60 சுழற்சி கொண்டது. அந்த மின்சாரத்தில் எரியும் பல விளக்குகள் வினாடிக்கு 120 முறை மினுக்குகின்றன. அந்த அரங்குகளில் 120 ஃபிரேமுக்கு இறங்கிவிட்டால் துடிப்பு பெரும்பாலும் அடங்கிவிடும். துல்லியம் பாதியானாலும், கண்ணுக்கு நிலையாகத் தெரியும் படமே பிள்ளைக்குப் பயன்படும்.

எடுத்த கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பிறகு ஆராய முயல வேண்டாம். அது கோப்பைச் சுருக்கிவிடும்; நாம் பாடுபட்டு எடுத்த ஃபிரேம்கள் அங்கேயே தொலைந்துவிடும். மூலக் கோப்பை அப்படியே கணினிக்கு மாற்றுங்கள். ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தவும், கோடு போடவும், இரண்டு காணொளிகளை இணையாக ஓட்டவும் விண்டோஸ் கணினியில் இயங்கும் கினோவியா என்ற இலவச மென்பொருளே போதும்.

பிட்சரிடம் பார்க்க வேண்டியவை

ஒரு பிட்சரின் எறிதலில் நான் நிறுத்திப் பார்க்கும் ஃபிரேம்கள் நான்கு: முன்முழங்கால் உச்சிக்கு ஏறிய கணம், முன்பாதம் தரையில் பதியும் கணம், எறியும் கை பின்னால் முழுதும் சாய்ந்த கணம், பந்து விரல்களை விட்டு நீங்கும் கணம். இவற்றுள் இரண்டாவதுக்கே என் நேரத்தில் முக்கால் பங்கைக் கொடுக்கிறேன். ஏனெனில் அதற்குப் பின் நடப்பவை பெரும்பாலும் அந்தக் கணத்திலேயே தீர்மானமாகிவிடுகின்றன.

பாதம் பதிந்த அந்த ஒரு படத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எறியும் கை மேலே வந்துவிட்டதா, முழங்கை தோள்கோட்டை நெருங்கியிருக்கிறதா? மார்பு இன்னும் பக்கவாட்டில் இருக்கிறதா, அல்லது அதற்குள்ளாகவே பிளேட்டை நோக்கித் திறந்துவிட்டதா? பாதத்தின் விரல்கள் எந்தத் திசையைக் காட்டுகின்றன? நல்ல எறிதலில் இடுப்பு முதலில் திரும்பும், உடலின் மேற்பகுதி அதைத் தொடரும், கை கடைசியாக வரும். காலில் பிறந்த விசை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாறிப் பந்தை அடைகிறது. மார்பு முன்கூட்டியே திறந்துவிட்டால் இந்தக் கைமாற்றம் அறுந்துபோகும். குறைந்த விசையை ஈடுகட்டப் பிள்ளை தோளையும் முழங்கையையும் கொண்டே தள்ளுவான். வேகம் குறைவது இதில் சின்ன இழப்பு. சுமை வளரும் மூட்டுகளின் மேல் ஏறுவதுதான் என்னை அஞ்சவைக்கிறது.

கடைசிப் படத்தில், அதாவது பந்து நீங்கும் கணத்தில், முன்முழங்கால் உறுதியாக நிற்கிறதா, மேலும் மேலும் மடிந்து சரிகிறதா என்பதைப் பார்த்தால் போதும். மற்றவற்றை அடுத்த மாதத்துக்கு வையுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. செயலியில் கோடு போட்டு, "முழங்கை 83 பாகை" என்று எண் வந்ததும் அதை உண்மை என்று நம்பிவிட வேண்டாம். கை கேமராவுக்கு நேர் குறுக்காக இருந்தால் மட்டுமே அந்தக் கோணம் சரி. எறிகின்ற கையோ ஒவ்வொரு ஃபிரேமிலும் ஆழத்தில் சுழன்றுகொண்டிருக்கிறது. ஒற்றைக் கேமராவால் வரிசையையும் நேரத்தையும் நம்பத்தக்க வகையில் காட்ட முடியும். பாகைகளை அளக்க முடியாது.

எண்ணிக்கை வேண்டுமென்பவர்கள் ஃபிரேம்களைக் கொண்டு சராசரி வேகத்தைக் கணக்கிடலாம். பிள்ளைகளுக்கான பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீகில் 12 வயது வரையிலான பிரிவில் மவுண்டுக்கும் பிளேட்டுக்கும் இடைத்தொலைவு 46 அடி. பிள்ளை முன்னே எட்டிவைக்கும் தொலைவைக் கழித்து, பந்து பயணப்படும் தூரம் 42 அடி என்று கொண்டால், 240 ஃபிரேம் காணொளியில் பந்து 144 ஃபிரேம் பறந்தால் நேரம் 0.6 வினாடி, சராசரி வேகம் வினாடிக்கு 70 அடி, அதாவது மணிக்குச் சுமார் 48 மைல். இந்த எண்ணை என் குறிப்பேட்டில் எழுதி வைப்பேன், பிள்ளையிடம் சொல்வதில்லை. எண்ணைக் கேட்ட பிள்ளை அடுத்த பந்தை அந்த எண்ணை மிஞ்சுவதற்காகவே எறிவான்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நம் வீட்டுப் பெற்றோர் சிலர் காணொளியைப் பார்த்ததும், "கை மடங்குகிறதே, தப்பில்லையா?" என்று கேட்பார்கள். பந்துவீச்சில் மடங்கிய முழங்கையை நிமிர்த்தி எறிவது குற்றம் என்ற விதி அவர்கள் மனத்தில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. பேஸ்பாலில் முழங்கை மடங்கி நிமிர்வதே எறிதலின் இயல்பு என்பதை முதல் கூட்டத்திலேயே அவர்களுக்கு விளக்கிவிட்டால், வீட்டில் ஒன்றும் களத்தில் ஒன்றுமாகப் பிள்ளை குழம்ப மாட்டான்.

பேட்டரிடம் பார்க்க வேண்டியவை

பந்தை வைத்து அடிக்கும் சிறு கம்பமான டீயின் மேல் அசையாமல் இருக்கும் பந்தை அழகாக அடிக்கும் பிள்ளை, ஆட்டத்தில் பந்தைத் தவறவிடுவது ஏன் என்று பெற்றோர் கேட்காத பருவம் இல்லை. டீ காணொளி ஸ்விங்கின், அதாவது பேட்டை வீசும் அசைவின், வடிவத்தைக் காட்டும். நேரக் கணிப்பைக் காட்டாது. பிள்ளைகள் தவறவிடும் பந்துகளில் பெரும்பங்கு, என் அனுபவத்தில், வடிவக் குறையால் அல்ல, நேரக் குறையால்தான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு காட்சி போதும். கேட்சருக்குப் பின்னால் உள்ள கம்பி வலையின் ஓட்டையில் லென்ஸை ஒட்டி வைத்து, பிட்சரின் கையும் பேட்டரின் முன்பாதமும் ஒரே சட்டத்தில் தெரியும்படி எடுங்கள். பந்து பிட்சரின் கையை விட்ட ஃபிரேமைச் சுழியம் என்று வைத்துக்கொண்டு, பேட்டரின் முன்பாதம் தரையில் பதியும் ஃபிரேம்வரை எண்ணுங்கள். நன்றாக அடித்த பந்துகளுக்கும் தவறவிட்ட பந்துகளுக்கும் தனித்தனியே எண்ண வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரே வேகப் பந்துகளில், நன்றாக அடித்தபோது பாதம் 90-ஆம் ஃபிரேமையொட்டியும் தவறவிட்டபோது 105-ஐயொட்டியும் பதிந்திருந்தால், அந்த 15 ஃபிரேம், அதாவது ஏறத்தாழ 0.06 வினாடித் தாமதமே குறை. பேட்டைப் பிடிக்கும் முறை, கால்களின் அகலம், முழங்கை எதையும் தொட வேண்டாம். "பிட்சரின் கை பின்னால் போகும்போதே நீ காலை எடு" என்ற ஒரு வாக்கியம் போதும். இந்த எண்களைப் பிற பிள்ளைகளின் எண்களோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. அவனவன் ஸ்விங்குக்கு அவனவன் நேரம்.

நேரம் சரியாக இருந்தும் அடி சரியில்லை என்றால், அப்போது பக்கவாட்டுக் காட்சிக்கு வாருங்கள். பாதம் பதிந்ததிலிருந்து பேட் பந்தைத் தொடும்வரை தலை எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். திரையில் தொப்பியின் முனைக்கு நேராக ஒரு செங்குத்துக் கோடு போட்டுவிட்டு ஃபிரேம்களை நகர்த்தினால், தலை பந்தை நோக்கிப் பாய்வது பிள்ளைக்கே பளிச்சென்று தெரியும். பிறகு, பேட் பந்தைத் தொடும் இடம் முன்பாதத்துக்கு முன்னாலா பின்னாலா என்பது. சில படங்களில் பேட் வளைந்ததுபோல் தோன்றும். கைப்பேசியின் சென்சார் படத்தை வரிவரியாகப் பதிவதால் வரும் பிழை அது, பேட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிள்ளைக்குக் காட்டும் விதம்

படம் எடுப்பதைவிட இது கடினம். நான் எட்டுக் குறைகளைக் கண்டுபிடித்து எட்டையும் ஒரே மாலையில் சொன்ன நாட்கள் உண்டு; மறுநாள் அந்தப் பிள்ளை பந்தை எப்படிப் பிடிப்பது என்பதே மறந்தவன்போல் நின்றான். இப்போது நான் கடைப்பிடிக்கும் முறை இது. பயிற்சியின் நடுவே, ஓய்வில் தண்ணீர் குடிக்கும்போது, ஐந்து நிமிடத்துக்கு மிகாமல், இரண்டு காணொளி மட்டும். முதல் முறை ஓடும்போது நான் பேசுவதில்லை. ஓடி முடிந்ததும் "என்ன தெரியுது?" என்று கேட்பேன், காத்திருப்பேன்.

என் மகனிடம் முதன்முதல் இப்படிக் கேட்டபோது அவன் நெடுநேரம் திரையைப் பார்த்தான். விரலால் முன்னும் பின்னும் தானே நகர்த்தினான். பிறகு, "அப்பா, என் கால் ஏன் அந்தப் பக்கம் போகுது?" என்றான். அவன் கால் கோட்டைத் தாண்டிக் குறுக்கே விழுவதை நான் நான்கு முறை சொல்லியிருந்தேன். அவன் தலையாட்டியிருந்தான், அவ்வளவுதான். அன்று தன் கண்ணால் கண்டதும் எழுந்து போய், பாதம் விழ வேண்டிய இடத்தில் ஷூ முனையால் தானே ஒரு கோடு கிழித்துக்கொண்டான்.

பிள்ளை கண்டது நாம் காட்ட நினைத்ததாக இல்லாமல் போகலாம். அது தவறில்லாத கவனிப்பாக இருந்தால், அன்றைய வேலையை அதன் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். திருத்தம் சொல்லும்போது உடலுறுப்பைச் சுட்டுவதைவிட வெளியே உள்ள ஒன்றைச் சுட்டுவது பிள்ளைகளிடம் நன்றாக எடுபடுகிறது: "இடுப்பைத் திருப்பு" என்பதைவிட "பெல்ட் பக்கிளைப் பிட்சருக்குக் காட்டு", "மணிக்கட்டை மடக்கு" என்பதைவிட "கேட்சரின் கிளவைத் துளைத்துக்கொண்டு போகும்படி எறி". ஒவ்வொரு எறிதலுக்கும் காணொளி காட்டுவதும் கெடுதல். பிள்ளை தானாக "பார்க்கலாமா?" என்று கேட்கும்போது காட்டுங்கள்.

தொழில்முறைப் பேஸ்பாலின் உச்சப் பிரிவான மேஜர் லீக் வீரரின் படத்தைப் பக்கத்தில் ஓட்டி, "இவரைப்போல் செய்" என்று சொல்வதை நான் முற்றிலும் விட்டுவிட்டேன். அவர் எறிவது 60 அடி 6 அங்குலத் தொலைவிலிருந்து, வளர்ந்து முடிந்த எலும்புகளோடு. பிள்ளைக்கு ஒப்பீடாக வைக்க வேண்டியது அவனுடைய சிறந்த எறிதல், அவனுடைய சிறந்த ஸ்விங். சான் டியேகோ பாட்ரெஸ் அணியின் டோனி க்வின் 1983-இல் செய்ததும் இதுவே. ஆட்டம் சரிந்திருந்த அந்த நாட்களில், தொலைக்காட்சியில் வரும் தன் ஆட்டங்களை வீட்டில் வீசிஆரில் பதிந்துவைக்கும்படி மனைவி அலிசியாவிடம் கேட்டுக்கொண்டார். அவற்றைப் பார்த்துத் தன் ஸ்விங்கைத் தானே திருத்திக்கொண்டார். 20 பருவங்கள் ஒரே அணிக்காக ஆடி, 3,141 ஹிட்டும் (பேஸை எட்டவைத்த அடிகள்), சராசரியில் முதலிடம் பெறுபவருக்கான பேட்டிங் பட்டத்தை எட்டு முறையும், .338 சராசரியும் பெற்றார். அவரைக் 'கேப்டன் வீடியோ' என்றே அழைத்தார்கள்.

கையைக் காப்பது

கேமராவுக்காக என்று கூடுதலாக ஒரு பந்தும் எறியச் சொல்லாதீர்கள். லிட்டில் லீக் 2007 முதல் எறியும் பந்துகளின் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்திருக்கிறது: 9, 10 வயதினருக்கு ஒரு நாளுக்கு 75, 11, 12 வயதினருக்கு 85. 14 வயது வரையிலானவர்கள் 66 அல்லது அதற்கு மேல் எறிந்தால் நான்கு நாள் ஓய்வு. இந்த விதி ஆட்டத்தில் எறிந்தவற்றையே எண்ணுகிறது. படம் எடுப்பதற்காகப் பயிற்சியில் எறிந்தவையும் அதே தோளில்தான் ஏறுகின்றன. அலபாமாவின் பர்மிங்ஹாமில் உள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இளம் பிட்சர்களைப் பத்தாண்டு தொடர்ந்து கவனித்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் ஆண்டில் 100 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தவர்களுக்குக் கடுமையான காயம் ஏற்படும் வாய்ப்பு 3.5 மடங்கு இருந்தது தெரியவந்தது.

காணொளி இங்கே ஓர் உதவி செய்யும். உடல் சூடேறிய பின் எறியும் முதல் சில பந்துகளையும், பயிற்சியின் கடைசிச் சில பந்துகளையும் அதே இடத்திலிருந்து எடுத்து இணையாக ஓட்டுங்கள். கடைசிப் பந்துகளில் முதுகு பக்கவாட்டில் சாய்ந்திருந்தால், கை பாதத்துக்குப் பின்தங்கியிருந்தால், அது குறையன்று, களைப்பு. திருத்தம் சொல்லாமல் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். வலி மட்டும் எந்தக் காணொளியிலும் தெரியாது. முழங்கையின் உட்புறத்திலோ தோளிலோ வலிக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டுக் கேளுங்கள். ஆம் என்றால் எறிவதை அந்த இடத்திலேயே நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புங்கள். எலும்பு வளரும் இடங்களான வளர்ச்சித் தட்டுகள் இன்னும் மூடாத வயதில் இதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது கொடுமை.

கோப்புகளும் அனுமதியும்

பருவம் தொடங்கும் முன், ஒவ்வொரு பெற்றோரிடமும் எழுத்தில் அனுமதி பெறுங்கள். யார் பார்ப்பார்கள், எங்கே சேமிக்கப்படும், எப்போது அழிக்கப்படும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். ஒரு பிள்ளையின் காணொளியை அணியின் குழுவில் போடாமல் அந்தக் குடும்பத்துக்கு மட்டும் கொடுங்கள். எதிரணிப் பிள்ளைகள் சட்டத்துக்குள் விழுந்திருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள்.

கோப்பின் பெயரில் தேதி, பிள்ளையின் முதலெழுத்து, காட்சியின் பக்கம், அன்று எத்தனையாவது பந்து என்ற நான்கும் இருந்தால், மூன்று மாதம் கழித்துத் தேடும்போது அருமை தெரியும். மாதத்துக்கு ஒரு முறை எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடலாம். பருவம் முடிந்ததும் வைத்திருந்தவற்றைக் குடும்பத்திடம் ஒப்படைத்துவிட்டு உங்களிடம் உள்ள நகலை நீக்குங்கள். அடுத்த வசந்தத்தில் அதே பிள்ளை வரும்போது, 12, 13 வயதில் சிலர் ஒரே குளிர்காலத்தில் இரண்டு மூன்று அங்குலம் வளர்ந்திருப்பார்கள். பழைய காணொளியோடு ஒப்பிடத் தொடங்கும் முன் பிள்ளையை ட்ரைபாடின் அருகில் நிற்கவைத்து, இடுப்பு உயரத்தைப் பார்த்து, பழைய டேப்பை உரித்துப் புதிய உயரத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.